காரைக்கால் பில்லில் எந்தப் பெட்டி தெரிய வேண்டும்?

காரைக்கால் பெயிண்ட் கடையிலிருந்து திருநள்ளாற்றுக்குச் சரக்கு போனால் பில்லில் மத்திய அரசின் சிஜிஎஸ்டி, மாநிலத்தின் எஸ்ஜிஎஸ்டி என இரண்டு வரி. அதே சரக்கு வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குப் போனால் மாநிலங்களுக்கிடையிலான ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு என்று அமைந்த ஊர் இது. பக்கத்துத் தரங்கம்பாடி வெளிமாநிலம்; கேரளக் கரையிலுள்ள மாஹேயும் ஆந்திரக் கோதாவரிப் பக்கமுள்ள ஏனாமும் உள்மாநிலம். புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான் என்றாலும் அதற்குச் சட்டப்பேரவை இருப்பதால், மற்ற மாநிலங்களைப் போல எஸ்ஜிஎஸ்டியே பொருந்தும். 2017 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை.

பில் போடுபவரின் திரையில் மூன்று வரிப் பெட்டிகளும் எப்போதும் நின்றால் குழப்பம்தான். வாடிக்கையாளரின் மாநிலத்தைப் பார்த்து, வேண்டாத பெட்டி தானாக மறைய வேண்டும். விண்டோஸில் ஓடும் பல பில்லிங் மென்பொருள்களைப் போல டபிள்யூபிஎஃப் என்ற திரை அமைக்கும் கட்டமைப்பில் எழுதினால் (மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்டது) இதற்கு, பெட்டியின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைலே போதும். பெட்டியின் ஸ்டைலில் முதலில் 'தெரியட்டும்' என்ற இயல்பு நிலையை எழுதுகிறோம். கீழே ஒரு டேட்டா டிரிகர்: 'வெளிமாநிலமா' என்ற தகவல் 'ஆம்' என்று மாறினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பெட்டிகள் மறையும். ஐஜிஎஸ்டி பெட்டிக்கு நேர்மாறான நிபந்தனை. முகவரி மாறும்போதெல்லாம் பெட்டிகளைத் தேடிப்போய் மறைக்கும் வரிகளை நிரலில் இருபது இடத்தில் தூவ வேண்டியதில்லை.

மறைப்பதிலும் இரண்டு வகை உண்டு. 'ஹிடன்' என்றால் பெட்டி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் இடம் காலியாக நிற்கும். 'கொலாப்ஸ்டு' என்றால் இடத்தையும் விட்டுக்கொடுத்துவிடும். கீழே இருப்பவை மேலே ஏறும். பில் திரைக்கு இரண்டாவதே பொருத்தம். பெட்டி இருக்கும் வரிசைக்கு நிலையான உயரம் கொடுத்திருந்தால் மட்டும் கொலாப்ஸ்டு செய்தும் வெற்றிடம் மிஞ்சும். உயரத்தை 'ஆட்டோ' என்று விட வேண்டும்.

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் வேறு. பெட்டியைத் திரையில் வைக்கும் டேகிலேயே, தெரிய வேண்டுமா என்பதைச் சொல்லும் 'விசிபிலிட்டி' மதிப்பை நேராக எழுதிவிட்டு, ஸ்டைலில் டிரிகரும் வைப்பார்கள். டிரிகர் வேலையே செய்யாது, பிழைச் செய்தியும் வராது. டேகில் நேராக எழுதிய மதிப்புக்கு ஸ்டைலைவிட முன்னுரிமை உண்டு. அதனால் இயல்பு நிலையையும் ஸ்டைலுக்குள்தான் எழுத வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, நிபந்தனை எதை நம்பி நிற்கிறது என்பதில். பின்கோடின் முதல் மூன்று எண்களை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காரைக்கால் 609602, தரங்கம்பாடி 609313: இரண்டுக்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றே. மாஹேயின் 673310 கேரள வரிசையில் வருகிறது. ஆகவே மாநிலக் குறியீட்டையே ஒப்பிட வேண்டும்: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. பதிவு பெற்ற வணிகரின் ஜிஎஸ்டி எண் இந்த இரண்டு இலக்கங்களில்தான் தொடங்குகிறது. பதிவு இல்லாதவருக்கு, 2023 அக்டோபர் 1 முதல், பில்லில் பதியும் முகவரியே வரியைத் தீர்மானிக்கிறது. மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலும் போதும். எதுவும் எழுதாவிட்டால் கடை இருக்கும் இடமே கணக்கு. இவ்வளவும் மாநிலத்தை நம்பி இருப்பதால், மாநிலப் பெட்டியை மட்டும் எந்த நிபந்தனையிலும் மறைக்கக் கூடாது. சென்னைக் கடைக்கு அது அபூர்வமாகத் தேவைப்படலாம். இங்கே ஒவ்வொரு பில்லுக்கும் தேவை.

பெட்டியை மறைத்தால் அதிலிருந்த எண் அழிந்துவிடாது. 10,000 ரூபாய் பெயிண்டுக்கு 18 சதவீத வரி. ஊழியர் முதலில் காரைக்கால் முகவரி போட, 900, 900 என்று பதிகிறது. பிறகு முகவரியை நாகூர் என்று திருத்துகிறார். இரண்டு பெட்டிகளும் மறைந்து, ஐஜிஎஸ்டி 1,800 தோன்றுகிறது. மொத்தத் தொகை மூன்றையும் கூட்டுகிற மாதிரி எழுதப்பட்டிருந்தால் பில் 11,800-க்குப் பதில் 13,600 ஆகிவிடும். திரையைப் பார்த்தால் காரணமே தெரியாது. இதன் மறுபக்கம் வணிகருக்கு இன்னும் கடினம்: வெளிமாநில விற்பனைக்கு உள்மாநில வரி கட்டிவிட்டால், சரியான வரியைத் திரும்பவும் கட்டிவிட்டு, பழையதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

ஆகவே வரிக் கணக்கைத் தனியாக, மாநிலக் குறியீட்டிலிருந்தே போட வேண்டும். ஸ்டைல் அந்தக் கணக்கின் முடிவைக் காட்டினால் போதும். அச்சாகும் பில்லும் திரையை நகலெடுக்காமல் அதே கணக்கிலிருந்து எண்களை எடுக்கட்டும். மென்பொருளைக் கடையில் நிறுவும் முன் திருநள்ளாறு, நாகூர், தரங்கம்பாடி, மாஹே ஆகிய நான்கு முகவரிகளுக்கும் ஒரே பில்லை, பாதியில் முகவரியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.