வயற்பறவைகளையும் தவளைகளையும் இனமறிதல்

கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் நீர் பாய்ச்சி உழவு தொடங்கியதும் கொக்குகள் வந்திறங்குவதையும், இரவில் தவளைகள் கூட்டமாய்க் கத்துவதையும் அறியாத குடியானவர் இரார். ஆயினும் வந்தது எந்தக் கொக்கு, கத்துவது எந்தத் தவளை என்று வினவினால் விடை கூறக்கூடியவர் சிலரே. இவ்வறிவு வெறும் பொழுதுபோக்கன்று. பயிரில் பூச்சி கண்டவிடத்து உடனே மருந்து தெளிப்பதா, சில தினங்கள் பொறுப்பதா என்ற தீர்மானத்தில் பணமும் மகசூலும் அடங்கியுள்ளன. அதற்கு முன் தம் வயலில் கூலியின்றி உழைப்பவை எவை என்பதை நிலமுடையோர் அறிந்திருத்தல் அவசியம்.

1895 ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடி பெறுகிறது. வயல், வாய்க்கால், கண்மாய் ஆகிய மூன்றும் நீரால் இணைந்திருப்பதால், ஒரு வயலில் இடும் நஞ்சு அவ்வயலோடு நிற்பதில்லை.

பறவைகள்

புதிதாய்க் கற்போர் முதலில் நிறத்தை நம்பலாகாது. பறவையின் பருமனைச் சிட்டு, மைனா, காகம், கோழி ஆகிய தெரிந்தவற்றோடு ஒப்பிட்டு, பின்னர் அலகு, கால், இரை தேடும் முறை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளைக் கொக்குகள் யாவும் ஒன்றல்ல. கால்நடைகளின் பின்னும் உழவு இயந்திரத்தின் பின்னும் நடந்து வெட்டுக்கிளிகளைப் பொறுக்குவது உண்ணிக்கொக்கு. அதன் அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் காவி நிறம் பெறும். அலகும் காலும் கறுத்து, பாதம் மட்டும் மஞ்சளாய் இருப்பது சின்னக் கொக்கு. மடையான் வரப்பில் அமர்ந்திருக்கையில் மண்ணிறமாய்த் தோன்றும். பறக்கும்போதோ வெண்சிறகு பளிச்சிடும். இது பூச்சியையும், வரப்பைத் துளைக்கும் நண்டையும் தின்னும், தவளையையும் விடாது. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும் பறவை நத்தைகுத்தி நாரை. பெயருக்கேற்ப நத்தையே அதன் முக்கிய இரை. மனிதர் வருவதைக் கூவி அறிவிக்கும் ஆள்காட்டி திறந்த தரையில் முட்டையிடும். ஆகையால் தரிசை உழுவோர் பார்த்து உழுதல் வேண்டும். குளிர்காலத்தில் வந்து, வாலை ஓயாது ஆட்டியபடி வயலில் பூச்சி தேடுவன வாலாட்டிகள்.

பறவைகள் எல்லாம் நண்பர்கள் என்று கூறுவதற்கில்லை. நீலத் தாழைக்கோழி இளம் பயிரைச் சேதப்படுத்தும். தூக்கணாங்குருவியும் சில்லையும் கதிர் பால்பிடிக்கும் தருணத்தில் மணியைத் தின்னும். ஆயினும் தூக்கணாங்குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டுகிறது. எப்பறவை எப்பருவத்தில் தீங்கு செய்கிறது என்று அறிந்தவர் அப்பருவத்தில் மட்டும் காவல் வைத்தால் போதும்.

தவளைகள்

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. கற்போருக்கோ அதன் வாயே சிறந்த அடையாளம். ஆண் தவளைகளே பெரும்பாலும் கத்துகின்றன. ஒவ்வோர் இனத்தின் ஒலியும் வெவ்வேறானது. கைப்பேசியில் ஒலியைப் பதிந்து வைத்து, கண்ட உருவத்தோடு பொருத்திப் பார்ப்பது எளிய முறை.

முதலில் ஐந்தை அறிந்தால் போதும். உலர்ந்த தோலும் பருக்களும், கண்ணுக்குப் பின் தடித்த சுரப்பியும் உடையது தேரை; இது நீரில் சரம் சரமாய் முட்டையிடும். மழைக்காலத்தில் ஆண் மஞ்சள் நிறமடைந்து, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை உப்பிக் கத்துவது பெருந்தவளை. நீர்மேல் கண்ணை மட்டும் காட்டி மிதந்து, அருகே சென்றால் நீர்ப்பரப்பின்மீதே தத்தி ஓடுவது தத்தும் தவளை. வரப்புப் புல்லில் துள்ளும் பழுப்பு நிறச் சிறு தவளை வயல் தவளை. விரல் நுனிகளில் வட்டத் தட்டுடையது மரத்தவளை. நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி அதில் முட்டையிடும்.

இவற்றின் தோல் நீரை உறிஞ்சும் இயல்புடையது. தலைப்பிரட்டைகள் வயல் நீரிலேயே வளர்கின்றன. ஆகையால் தேங்கிய நீரில் கலக்கும் மருந்து பூச்சியை அடைவதோடு இவற்றையும் அடைகிறது. அயல்நாட்டார் உணவுக்காகத் தவளைக்கால் ஏற்றுமதி செய்யும் வாணிபம் நம் நாட்டில் பல்லாண்டுகள் நடந்தது. பூச்சிகளைத் தின்னும் தவளைகள் அருகுகின்றன என்ற கவலை மிகவே, 1987 ஆம் ஆண்டில் அரசாங்கம் அதைத் தடை செய்தது.

பழகும் முறை

ஒரே வரப்பைத் தேர்ந்து, பதினைந்து தினங்களுக்கு ஒருமுறை, காலை ஆறு மணி முதல் எட்டு மணிக்குள்ளும், இருட்டிய பின் ஒரு மணி நேரமும் கவனிக்கவும். தேதி, பயிரின் வயது, கண்ட இனம், எண்ணிக்கை, அது தின்ற இரை ஆகியவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதவும். இரவில் பாம்புக்கு அஞ்சி விளக்கும் காலணியும் இன்றிச் செல்லற்க. தேரையைத் தொட்ட கையால் கண்ணைத் தொடலாகாது. கூட்டையும் முட்டையையும் கலைத்தல் கூடாது. பறவை இனங்களைப் படத்துடன் விளக்கி சாலிம் அலி 1941 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இன்றும் தொடக்க மாணாக்கருக்குத் துணையாகும்.

பயன்

புகையான் கண்ட வயலில், சிலந்தி இல்லாவிடில் தூருக்கு ஒரு பூச்சியும், குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பின் தூருக்கு இரண்டு பூச்சியும் என்பதே மருந்து தெளிப்பதற்குரிய அளவு. பகையை எண்ணும்போது நண்பரையும் எண்ண வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து. மருந்து தவிர்க்க முடியாததாயின் தாக்கப்பட்ட பகுதிக்கு மட்டும் அளவறிந்து இடுக. வயல் நீரை வாய்க்காலில் வடிய விடற்க. கரிச்சான் அமர்ந்து பூச்சி பிடிக்க வயலில் குறுக்குக் குச்சிகள் நட்டு, பால்பிடிக்கும் பருவத்தில் அகற்றிவிடுக.

கிராம அதிகாரிகளும் பள்ளி ஆசிரியர்களும் ஊருக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு போகத்திலும் கண்டவற்றைப் பதிந்து வரச் செய்வாராயின், சில ஆண்டுகளில் எந்தக் கண்மாயில் எவ்வினம் குறைந்தது என்பது அவ்வூராருக்கே விளங்கும். குறைவை அறிந்த பின்னரே அதற்குப் பரிகாரம் தேட இயலும்.