பிள்ளைக்குக் கட்டும் துணியும் பெட்டியில் போடும் பூச்சி உருண்டையும்



“பிள்ளைக்குப் பேம்பர்ஸ் வாங்கலாமா, துணியே கட்டலாமா?” என்று பிள்ளைத்தாய்ச்சிகள் அடிக்கடி கேட்கிறார்கள். பேம்பர்ஸ் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். கிளினிக்குக்கோ சிரம்பானுக்கோ பஸ்ஸில் போகும்போது அது வசதிதான். ஆனால், பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும். அத்தனைக்கும் பேம்பர்ஸ் என்றால் சம்பளத்தில் பெரும் துண்டு விழும். துணியோ துவைக்கத் துவைக்க மிருதுவாகும். மூத்த பிள்ளைக்குக் கட்டியதை இளையதற்கும் கட்டலாம். கட்டுங்கள். ஆனால், எந்தத் துணி, எப்படித் துவைப்பது, எங்கே வைத்திருந்து எடுப்பது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு கட்டுங்கள். இதில் மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

எந்தத் துணி?

பருத்தித் துணிதான் வேண்டும். நைலான், பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது. கடையில் விற்கும் லாம்பின் துணியும் நல்லது. வீட்டில் நைந்துபோன பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாலும் நல்லது. இரண்டு அல்லது மூன்று டஜன் இருந்தால் மழைக்காலத்திலும் சமாளிக்கலாம்.

வெள்ளைத் துணியாகப் பாருங்கள். காரணம் அழகு அல்ல. வெள்ளையில்தான் சிறுநீரின் நிறமும் மலத்தின் நிறமும் தெளிவாகத் தெரியும். பிறந்து ஐந்தாறு நாளான பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைத்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். சிறுநீர் அநேகமாக நிறமே இல்லாமல் இருக்க வேண்டும். துணியில் கடும் மஞ்சளாகவோ, தேத்தண்ணி நிறத்திலோ கறை பட்டால் அது எச்சரிக்கை.

தொப்புள்கொடி விழும் வரை துணியைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள். மேலே பிளாஸ்டிக் ஜட்டி போட்டு இறுக்கினால் சூடும் ஈரமும் அடைபட்டுத் தோல் வெந்துபோகும்.

எப்படித் துவைப்பது?

மலத்தைக் கக்கூஸில் கொட்டிவிட்டு, துணியை உடனே அலசுங்கள். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நுரை போகும் வரை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். சோப்பு தங்கினால் பிள்ளைக்குப் புண் வரும். வாசனைக்காக ஊற்றும் மென்மைத் திரவம் வேண்டாம். அதை ஊற்றினால் துணி ஈரம் உறிஞ்சாது. வெயிலில் காயப் போடுங்கள். மழை நாளில் அரை ஈரமாக இருந்தால் இஸ்திரி போட்டுக் கட்டுங்கள். துவைத்த பிறகு உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்தடிக்கப் போகிறவர்கள் வீட்டில் இன்னொரு கவனமும் தேவை. பாராகுவாட்டை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அதற்காக மற்ற மருந்தெல்லாம் பாலும் தேனும் ஆகிவிடாது. மருந்தடித்த சட்டை, கால்சட்டையைத் தனி வாளியில் தனியாகத் துவைக்க வேண்டும். பிள்ளைத் துணியோடு ஒரே மிஷினில் போடவே கூடாது. வேலை முடிந்து வந்தவர் குளித்துத் துணி மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

எங்கே வைத்திருந்த துணி?

மூத்த பிள்ளையின் துணியை மூட்டை கட்டிப் பெட்டியில் வைக்கிறோம். பூச்சி அரிக்காமல் இருக்க வெள்ளை உருண்டை நாலைந்து போடுகிறோம். கடையில் ‘ஊபாட் கெகாட்’ என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். அடுத்த பிள்ளை பிறந்ததும் அந்தத் துணியை எடுத்துக் கட்டுகிறோம். பெட்டியில் கிடந்த பழைய சேலையை எடுத்துத் தூளி கட்டுகிறோம். பிள்ளை நாள் முழுக்க அந்த வாடைக்குள் தூங்குகிறது.

உருண்டை நாளாக நாளாகச் சிறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள நாப்தலீன் காற்றில் கலந்து துணியில் ஏறுகிறது. பிள்ளை அதை மூச்சில் இழுக்கும். தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் அதிகமாக இறங்கும்.

ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் உடையாமல் காப்பாற்றும் ஒரு பொருளுக்கு ஜி-6-பி-டி என்று பெயர். சில பிள்ளைகளுக்கு இது பிறவியிலேயே குறைவு. தாய் வழியாக வரும் குறை இது. ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரிடமும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு நாப்தலீன் பட்டால் அணுக்கள் மளமளவென்று உடையும். அதிலிருந்து வரும் மஞ்சள் சாயத்தைப் பச்சைப் பிள்ளையின் ஈரலால் வேகமாக வெளியேற்ற முடியாது. அளவு மீறினால் அது மூளையில் போய்ப் படியும். பிறகு காது கேளாமல் போகலாம், கை கால் முறுக்கிக்கொள்ளலாம், உயிரே போகலாம்.

1963-ல் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோருக்கு உருண்டை போட்ட துணி உடம்பில் படக்கூட இல்லை. வாடையே போதுமானதாக இருந்தது. ஜி-6-பி-டி குறை இல்லாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே, ‘என் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை’ என்றும் சும்மா இருக்க வேண்டாம்.

ஒரு தடவை துவைத்தால் வாடை போய்விடும் என்று நம்பாதீர்கள். உருண்டையோடு கிடந்த துணி, சேலை, போர்வை எதுவும் பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம். பிள்ளை இருக்கும் அறையில், அலமாரியில், குளியலறையில் இருக்கிற உருண்டைகளையும் எடுத்துப் போட்டுவிடுங்கள். தவழும் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. துணியை நன்றாகக் காயவைத்து, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் வைத்தால் பூச்சி வராது.

மஞ்சள் தெரிந்தால்

அரசாங்க மருத்துவமனையில் பிறக்கும் பிள்ளைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி-6-பி-டி சோதனை செய்கிறார்கள். முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறை இருந்தால், பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும்.

பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், மஞ்சள் கால் வரை இறங்கினாலும், பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும், கீச்சென்று அழுது முதுகை வளைத்தாலும், சிறுநீர் கறுத்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தாலும், இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அது வைத்தியம் ஆகாது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் அளவு பார்த்து, தேவையானால் விளக்கு வெளிச்சத்தில் வைப்பார்கள். நேரத்தோடு போனால் பெரும்பாலும் அதிலேயே குணமாகும்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கிய வீட்டார் இந்த வாரமே பெட்டியைத் திறந்து பாருங்கள். உருண்டை வாடை அடித்தால் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு, இரண்டு கஜம் புது வெள்ளைத் துணி வாங்கிக் கிழித்து, துவைத்து, காயவைத்து எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சொல்லுங்கள்.