சாதாரணக் கட்டிதான், அடுத்த ஸ்கேன் எப்போது?

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் எந்தப் பெண்ணும் முதலில் பயப்படுவது புற்றுநோய்க்குத்தான். தூக்கம் கெட்டு, பதறிப்போய் ஸ்கேன் எடுத்து, "சாதாரணக் கட்டிதாம்மா, பயப்படாதீங்க. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க" என்று டாக்டர் சொன்ன பிறகே போன உயிர் திரும்பி வருகிறது. அந்த நிம்மதியில் 'பயப்படாதீங்க' மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. 'வந்து காட்டுங்க' என்பது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே மறந்துபோகிறது.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. 15 முதல் 35 வயதுக்குள் அதிகம் காணப்படுவது ஃபைப்ரோஅடினோமா என்ற நார்க்கட்டி. பெரும்பாலும் வலிக்காது. விரல் பட்டால் கோலிக்குண்டு போல நழுவும். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு, மாதவிலக்கு நிற்கும் காலம்வரை, நீர்க்கட்டிகள் அதிகம். சிலருக்கு மாதவிலக்கு நெருங்கும்போது மார்பு கனத்து, திட்டுத்திட்டாகத் தட்டுப்பட்டு, பிறகு தணிந்துவிடும். அது ஹார்மோன் செய்யும் வேலை. சாதாரண நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. இதை நம்பிக்கையோடு சொல்லலாம்.

பிறகு ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்? நார்க்கட்டி மாதிரியே ஸ்கேனில் தெரிகிற வேறு கட்டிகளும் உண்டு. ஃபிலாய்ட்ஸ் கட்டி அப்படிப்பட்டது. அது மளமளவென்று வளரக்கூடியது, முழுதாக அகற்ற வேண்டியது. அதில் ஒரு வகை புற்றுத்தன்மை உள்ளது. ஒரு நாள் எடுத்த படம் வளர்ச்சியைக் காட்டாது. இரண்டு படங்களை ஒப்பிட்டால்தான் தெரியும். இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஏற்கெனவே கட்டி இருக்கும் பெண்ணுக்கு அதே மார்பில் புதிதாக ஒன்று வந்தால், "அது பழைய கட்டிதான்" என்று அவரே முடிவு செய்துவிடுகிறார். வீட்டிலும் அப்படியே சொல்கிறார்கள். முதல் கட்டி சாதாரணமானது என்பது இரண்டாவது கட்டிக்குப் பொருந்தாது.

உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். முடிவில் 'பைராட்ஸ்' என்று போட்டு ஓர் எண் இருக்கும். 2 என்றால் சாதாரணக் கட்டி. வயதுக்கேற்ற வழக்கமான பரிசோதனை போதும். 3 என்றால் அநேகமாகச் சாதாரணம். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. அந்தச் சிறு சந்தேகத்தைத் தீர்க்கத்தான் 6 மாதம், 12 மாதம், 24 மாதம் என்று வரச் சொல்கிறார்கள். இரண்டு வருடம் மாறாமல் இருந்தால் அது 2-க்கு இறங்கிவிடும். 4, 5 என்றால் காத்திருக்கக் கூடாது, சதை எடுத்துப் பரிசோதிக்க (பயாப்ஸி) வேண்டும். 0 என்று போட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று நினைத்து ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, மேலும் படம் எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஸ்கேன் அறையில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்தும் டாக்டர், கட்டியின் இரு முனைகளிலும் புள்ளி வைத்து அளக்கிறார். மார்பைக் கடிகார முகமாகப் பாவித்து, 'வலது, 10 மணி, 18 x 9 மி.மீ.' என்பதுபோல எழுதுகிறார். அடுத்த முறை வேறு சென்டருக்குப் போய், பழைய ரிப்போர்ட்டும் கையில் இல்லையென்றால், அந்த டாக்டர் எதோடு ஒப்பிடுவார்? ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் அளப்பவரின் கையைப் பொறுத்தது, பதற வேண்டாம். ஆறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்திருந்தால் பெரும்பாலும் பயாப்ஸி செய்யச் சொல்வார்கள். "ஊசி பட்டால் பரவிடும்" என்ற பேச்சை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள். பரவுவது ஊசியால் அல்ல. பற்றுப் போட்டும் எண்ணெய் தேய்த்தும் கழிகிற மாதங்கள்தான் ஆபத்து.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'எட்டிபிகல் ஹைப்பர்பிளேசியா' என்று இருந்தால் அது புற்றுநோய் அல்ல. ஆனாலும் பிற்காலத்தில் வரும் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால் வருடந்தோறும் காட்டியே ஆக வேண்டும்.

காம்பில் ரத்தம் கசிவது, காம்பு உள்ளே இழுபடுவது, தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிவது, அக்குளில் கட்டி, சட்டென்று பெரிதாவது: இவற்றில் எது தெரிந்தாலும் ஆறு மாதத் தேதி வரை பொறுக்க வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு வரும் கட்டியை "பால் கட்டிக்கிச்சு" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம்.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. சாதாரணக் கட்டி எல்லாவற்றையும் அறுத்து எடுக்க வேண்டியதில்லை. "எடுத்துடலாம்" என்று சொன்னால் ஏன், எடுக்காவிட்டால் என்ன ஆகும், தழும்பு எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. சோதனைக்கு மட்டும் கொடுத்த ஒப்புதலைச் சிகிச்சைக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது, உயிரையோ உடல்நலத்தையோ காக்க வேண்டிய அவசரம் மட்டுமே விதிவிலக்கு என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எந்தப் படிவத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. நோயாளிகளின் உரிமைச் சாசனத்தில் அது இருக்கிறது. மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பிறகு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்து பாதிப்பு ஏற்பட்டிருந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

செலவை நினைத்து நின்றுவிடுபவர்கள் அதிகம். 30 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பைப் பரிசோதித்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. மேற்கொண்டு தேவையென்றால் அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த வயதில் மேமோகிராம் தொடங்குவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.