அகரத்தின் எண்: கோவை மாநாட்டில் ஒரு பாத்திரக் கடைக்காரன்

சாலைக் கம்போளத்தில் பாத்திரம் விற்பவனுக்குக் கணினி மாநாட்டில் என்ன வேலை என்று மலர்க் குழு அன்பர்கள் என்னைக் கேட்கவில்லை. 2010-இல் என் வீட்டம்மாள்தான் கேட்டாள். "அங்கே போய் நீங்க என்னத்தைப் பண்ணப் போறீங்க? இங்கிலீஷிலேயே பேசுவாங்க" என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார்ந்தவன் நான். கல்வெட்டு, சுவடி, சமண நூல்கள் என்று படித்ததெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவையே.

1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. 2001 ஜூலை 20 அன்று அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஸ்டால்மன் நம் திருவனந்தபுரத்துக்கே வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கு நான் கடையில் குத்துவிளக்கு நிறுத்துக் கொண்டிருந்திருப்பேன். அப்படிப்பட்டவன் இரவு வண்டி ஏறிக் கோவைக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் தந்தையார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். எங்கள் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் ஸ்ரீபுராணம் வாசிப்பது வழக்கம். அறுபத்து மூன்று மகா புருஷர்களின் வரலாற்றை மணிப்பிரவாள நடையில் சொல்லும் நூல் அது. தந்தையார் அதற்குத் தாமே எழுதிய விளக்கக் குறிப்புகள் ஏழு நோட்டுப் புத்தகங்களில் இருந்தன. தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் வடசொல்லைக் கிரந்த எழுத்திலும் எழுதுவார். எங்கள் முன்னோர் சுவடியில் எழுதிய முறை அதுதான். 1999-இல் அவற்றை ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னேன். அவர்களிடம் கிரந்த எழுத்துரு இல்லை. அந்த இடங்களிலெல்லாம் புள்ளி வைத்து விட்டுவிடச் சொன்னேன். அச்சாகும்போது கையால் எழுதிக்கொள்ளலாம் என்பது எண்ணம். அச்சாகவே இல்லை. பிறகு ஓர் இடவப்பாதி மழையில் கடை மாடி ஒழுகி, நோட்டுகள் ஊறிக் கூழாகிவிட்டன. பிளாப்பியில் இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

2009-இல் அந்தக் கோப்பை ஒரு புதிய கணினியில் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பவுண்டுக் குறி, கேள்விக்குறி என்று இருநூற்று நாற்பது பக்கமும் அப்படியே. டி.டி.பி. கடைக்காரரோ கடையை மூடிவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். வைரஸ் என்றார் ஒருவர். கோப்பு கெட்டுவிட்டது என்றார் இன்னொருவர். இரண்டும் தவறு என்று கோவையில்தான் தெரிந்துகொண்டேன்.

கோவைக்கு முன்பு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினித் தமிழுக்கான முதல் உலக மாநாடு 1997-இல் சிங்கப்பூரில் நடந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் நா. கோவிந்தசாமி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி 'தமிழ்99' விசைப்பலகை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. 2000-இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதோடு சேர்ந்தே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. நான் நேரில் போன முதல் தொழில்நுட்ப மாநாடு அதுவே.

அந்தக் கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல! அவிநாசி சாலை முழுக்கத் தலைகள்தான். எங்கு பார்த்தாலும் வரிசை. நாங்களோ பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகாது. கட்டுச்சோற்று மூட்டையோடு கருத்தரங்கு அறைக்குள் நுழைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். நண்பரின் மகன் அங்கே கட்டுரை படிக்க வந்திருந்தார். அவர் தயவில் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே புரியவில்லை. பேச்சென்னவோ தமிழ்தான். ஆனால் 'எட்டு பிட்', 'பதினாறு பிட்' என்று ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

தேநீர் இடைவேளையில் நண்பரின் மகன் தம் தோழர் ஒருவரை அழைத்து வந்தார். நான் கொண்டுபோயிருந்த குறுந்தட்டையும், பழைய பிழைதிருத்தப் படியில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு தாளையும் அந்தப் பையன் வாங்கிப் பார்த்தான். "ஐயா, உங்க ஃபைல் கெடவே இல்லை. நம்பர் எல்லாம் அப்படியே இருக்கு. எந்த நம்பருக்கு எந்த எழுத்துன்னு சொல்ற ஆள்தான் செத்துப் போயிட்டான்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஏனென்றால் இது எங்கள் வியாபாரத்தில் உள்ள சங்கதி. கடைக்காரர்கள் கொள்முதல் விலையைச் சீட்டில் வெளிப்படையாக எழுதுவதில்லை. பத்து எழுத்துள்ள ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு, முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது இரண்டு என்று குறிப்போம். பக்கத்துக் கடைக்காரர் அதே சீட்டைப் பார்த்தாலும், அவருடைய சொல் வேறு என்பதால் விலை தெரியாது. கணினிக்குள்ளும் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. பழைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடம். முதல் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். மீதி 128 இடங்களில் தமிழை அவரவர் விருப்பப்படி அடுக்கினார்கள். தன்னார்வலர்கள் கூடி வகுத்த 'திஸ்கி' என்ற முறையில் அகரத்தின் எண் 171. அதே 171 ஆங்கிலக் கணினிக்கு ஐரோப்பியர் போடும் ஒரு மேற்கோள் குறி. எண் ஒன்று, பொருள் இரண்டு. இதற்கும் நம் ஊரிலேயே பழைய உதாரணம் உண்டு: திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இரண்டுக்கும் பெயர் ரூபாய்தான். எந்த ரூபாய் என்று கேட்காமல் கணக்கு எழுதினால் நஷ்டம் என்று தந்தையார் சொல்லுவார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது யூனிக்கோடு என்னும் ஒருங்குறி. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. உலகத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். ஒன்றின் எண் இன்னொன்றுக்குக் கிடையாது. அகரத்துக்கு 2949. நியூயார்க்கில் திறந்தாலும் நெடுமங்காட்டில் திறந்தாலும் 2949 என்றால் அகரமே.

இதில் தமிழறிஞர்களுக்கு மனக்குறை இருந்தது. ஒருங்குறியில் 'கி' என்பது ஓர் எழுத்தாக இல்லை. ககரத்தின் எண், இகரக் கொக்கியின் எண் என்று இரண்டாக இருக்கிறது. அறைக்குள் நடந்த பதினாறு பிட் சண்டை இதுதான். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 'டேஸ்' முறையையும் ஒருங்குறியையும் சேர்த்தே 2010 ஜூனில் தமிழக அரசு தரமாக அறிவித்தது. 'டேஸ்' இலக்கணப்படி அழகானது என்பதே என் கருத்தும். ஆனால் அது அமர்ந்திருப்பது, யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒருங்குறியில் ஒதுக்கப்பட்ட பகுதியில். பேரப்பிள்ளைக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்ப அது உதவாது.

இன்னொரு குறையும் சொன்னார்கள். ஒருங்குறித் தமிழ்ப் பட்டியலில் ககரம் 2965, ஙகரம் 2969. நடுவில் மூன்று இடம் காலி! இந்திய அரசின் 'இஸ்கி' முறையைப் பின்பற்றி, இந்திய எழுத்துகளையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கியதால் வந்த வெற்றிடம் அது. வடமொழியின் வர்க்க எழுத்துகள் தமிழில் இல்லாததால் அவற்றின் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. "நம்ம வீட்டுல அடுத்தவனுக்கு எதுக்குய்யா நாற்காலி?" என்று ஒரு பெரியவர் கேட்டார், அறையில் கைதட்டல். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வெளியே வந்து பையனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "நீங்க திருவனந்தபுரம்தானே? கால்குலேட்டர் இருக்கா?" சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். "2949-ஓட 384-ஐக் கூட்டுங்க." 3333 வந்தது. "அதுதான் மலையாள அகரம். ககரத்தைக் கூட்டிப் பாருங்க." 3349, மலையாளக் ககரம். ழகரத்துக்கும் அப்படியே, றகரத்துக்கும் அப்படியே. எல்லா மொழியையும் ஒரே வரிசையில் உட்கார வைத்ததன் பலன் இது. அந்தக் காலி நாற்காலிகள் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு சரிவராது. கல்லாவில் நாற்பது வருஷம் கூட்டல் போட்டவன் நான். இப்படி ஒரு கூட்டலைப் போட்டதே இல்லை.

மதியத்துக்குள் அவன் என் தாளையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எண் எந்த எழுத்து என்று பட்டியல் போட ஆரம்பித்தான். அதில் நானும் கூட இருந்தேன். தெரிந்த மன்னன் பெயரை வைத்துக்கொண்டு வட்டெழுத்துக் கல்வெட்டில் தெரியாத எழுத்தைக் கண்டுபிடிப்பதும் இதே வித்தைதான். சிதறால் மலையில் அதைச் செய்து பழகியிருக்கிறேன். சிக்கலும் இருந்தது. பழைய எழுத்துருவில் 'கெ' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முன்னால், ககரம் பின்னால் என்று வைத்திருந்தார்கள். ஒருங்குறியிலோ உச்சரிப்பு முறைப்படி ககரம்தான் முதலில் வரும், பிறகுதான் கொம்பு. திரையில் மட்டும் இடம் மாறிக் காட்டும். அதனால் ஒவ்வொன்றையும் முன்பின்னாக மாற்ற வேண்டும். ஔகாரக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், கௌதம கணதரர் பெயர் வந்த இடத்திலெல்லாம் ககர எகரமும் ளகரமுமாக 'கெளதமர்' என்று ஆகிவிட்டது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினியில் தேடினால் அகப்படமாட்டார். ஊர் திரும்பி மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தினேன்.

அந்த வருஷமே நவம்பரில் கிரந்தப் பிரச்சினை வெடித்தது. கிரந்தத்துக்கு ஒருங்குறியில் இடம் கேட்ட ஒரு முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன என்ற ஐந்து தமிழ் எழுத்துகளையும் அதற்குள் சேர்க்கச் சொல்லியிருந்தது. இன்னொன்று 26 கிரந்த எழுத்துகளைத் தமிழோடு இணைக்கக் கேட்டது. தமிழின் தனித்தன்மை போய்விடும் என்று எதிர்ப்புக் கிளம்பி, முடிவைத் தள்ளிவைக்கும்படி தமிழக அரசு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. எனக்குத் தர்மசங்கடம். கிரந்தம் வந்தால்தான் என் புள்ளிகள் நிரம்பும். ஆனால் எதிர்த்தவர்களின் அச்சமும் பொய்யில்லை. கடைசியில் 2014-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனக்கென ஒரு தனிப் பகுதியில் வந்தது. அந்த ஐந்து தமிழ் எழுத்துகள் அதில் இல்லை. எங்கள் சுவடிகளிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இதுவே சரி என்று எனக்குப் பட்டது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் என் பேத்தியைப் போன்ற பிள்ளைகள் பலர் இருப்பார்கள். வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவாள். வாசிப்பது மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே. போன வருஷம் கொள்ளுத் தாத்தாவின் குறிப்புகளை 384 கூட்டி மலையாள எழுத்தில் மாற்றிக் கொடுத்தேன். வெறும் கூட்டல் மட்டும் போதாது. நம் றன்னகரத்துக்கு உரிய எண்ணில் மலையாளிகள் யாரும் எழுதுவதில்லை. அதைத் தந்நகரத்தின் எண்ணாக மாற்ற வேண்டும். சொல்லின் இறுதியில் வரும் ன், ர், ல், ள் போன்றவற்றுக்கு மலையாளத்தில் சில்லு எழுத்து உண்டு. 2008-இலிருந்து அவற்றுக்குத் தனி எண். அதையும் பார்த்துப் போட வேண்டும். போட்டுக் கொடுத்ததும் உட்கார்ந்து உரக்க வாசித்தாள். 'தங்கம்' என்ற சொல்லை, எதிர்வீட்டுத் தங்கம் சேச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, ககரத்தை அழுத்தி வாசித்தாள். "அப்படி இல்லைம்மா, மெதுவா" என்றேன். அடுத்த வரியில் தானே திருத்திக்கொண்டாள்.

நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "தாத்தா, இங்கே என்ன வெறும் புள்ளியா இருக்கு?" என்று கேட்டாள். மொத்தம் அறுபத்தொரு இடங்களில் அப்படிப் புள்ளி இருந்தது. ஸ்ரீபுராண அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு முப்பத்தெட்டு இடங்களைக் கிரந்தத்திலேயே நிரப்பிவிட்டேன். மீதி இருபத்து மூன்றும் தந்தையார் தாமாக எழுதிய வாக்கியங்களின் நடுவே வருபவை. அவற்றைப் புள்ளியாகவே விட்டிருக்கிறேன்.