படகு டாய்லெட்டில் தானாகத் தண்ணீர் ஏறுகிறதா? முதலில் மூட வேண்டியது எது?

1945 ஏப்ரல் 14. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிய இன்னும் சில வாரங்களே இருந்த நேரம். ஸ்காட்லாந்து கரைக்கு அருகே கடலுக்கடியில் சென்ற யு-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள், கழிவறை வழியாகக் கடல் நீர் புகுந்தது. அந்த நீர் பேட்டரிகளைத் தொட்டதும் குளோரின் வாயு கிளம்பியது. வேறு வழியில்லாமல் கப்பல் மேலே வந்தது. பிரிட்டிஷ் விமானத் தாக்குதலும் சேர்ந்துகொள்ள, கடைசியில் கப்பலையே கைவிட வேண்டியதாயிற்று. 4 பேர் உயிரிழந்தனர்.

அது உயர் அழுத்தத்தில் இயங்கிய சிக்கலான கருவி. இன்று சிறிய பாய்மரப் படகுகளில் இருப்பதோ கையால் அடிக்கும் எளிய பம்ப் டாய்லெட். ஆனால், ஆபத்தின் அடிப்படை ஒன்றுதான். படகின் அடியில் துளை போட்டு, கடலையும் டாய்லெட்டையும் ஒரு குழாயால் இணைத்திருக்கிறார்கள். அதனால், இதில் வரும் கோளாறை வெறும் நாற்றப் பிரச்னை என்று நினைத்து விட்டுவிட முடியாது.

எப்படி வேலை செய்கிறது?

ஊர் அடிபம்பைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். வித்தியாசம் என்னவென்றால், இந்த ஒரே பிஸ்டன் இரண்டு வேலை செய்கிறது.

கைப்பிடியை மேலே இழுத்தால், பிஸ்டனுக்கு மேலே உள்ள சுத்தமான கடல் நீர் கோப்பைக்குள் போகும். அதே நேரத்தில் கோப்பையில் உள்ள கழிவு பிஸ்டனுக்குக் கீழே இறங்கும். கைப்பிடியை அழுத்தினால் அந்தக் கழிவு வெளியேறும் குழாய்க்குத் தள்ளப்படும். மேலே புதிய கடல் நீர் நிரம்பும்.

போன தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பவை சில ரப்பர் வால்வுகள். அவற்றில் முக்கியமானது, கழிவு வெளியேறும் வாயில் இருக்கும் ஜோக்கர் வால்வு. நடுவில் கீறல் போட்ட ரப்பர் மூக்கு, அவ்வளவுதான். இது தவிர, தண்ணீர் வர வேண்டுமா வேண்டாமா என்று மாற்றும் ஒரு சிறிய லீவரும் பம்பின் தலையில் இருக்கும்.

ஆபத்து எவ்வளவு பெரிது?

பல படகுகளில் டாய்லெட் கோப்பையின் விளிம்பே கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. வழி கிடைத்தால் கடல் நீர் தானாகவே உள்ளே வரப் பார்க்கும்.

கடல் நீரை உள்ளே கொண்டுவரும் குழாய் பொதுவாக 19 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே அந்தக் குழாய் கழன்று விழுந்தால், நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் கடல் நீர் படகுக்குள் கொட்டும். அதாவது, வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் ஒன்றரை கேன். ஒரு மணி நேரத்தில் இது 2,000 லிட்டரை நெருங்கிவிடும். கழிவு வெளியேறும் 38 மில்லிமீட்டர் குழாய் கழன்றால் இதைப்போல் நான்கு மடங்கு.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். படகின் அடிப்பகுதியில், குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் சீகாக் எனப்படும் இரண்டு அடைப்பு வால்வுகளையும் மூட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.

கோப்பையில் தண்ணீர் தானாக ஏறினால்?

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை ஒரு சின்னச் சோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கோப்பையைக் காலி செய்துவிட்டு, உள்ளே வரும் பக்கத்து சீகாக்கை மட்டும் மூடிவிட்டுச் சில நிமிடங்கள் பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டால், வருவது கடல் நீர். லீவர் சரியாக மூடவில்லை, அல்லது அதன் கீழே உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நிற்காமல் ஏறினால், அதுவும் நிறம் மங்கி நாற்றமும் அடித்தால், அது வெளியே போன கழிவு திரும்பி வருவது. ஜோக்கர் வால்வின் கீறல் விரிந்துபோயிருக்கும், இல்லையென்றால் அதில் ஏதாவது சிக்கியிருக்கும். இரண்டு சீகாக்கையும் மூடிய பிறகும் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால், அது குழாயில் மிச்சமிருந்த தண்ணீர். புதிய ஜோக்கர் வால்வு போட்டால் சரியாகிவிடும்.

கைப்பிடி கனமாக இருந்தால்?

பலரும் செய்யும் தவறு, பலம் கொண்ட மட்டும் அழுத்துவது. அப்படி அழுத்தினால் குழாய் இணைப்பு தெறித்துவிடும். கழிவு அறை முழுக்கச் சிதறும்.

முதலில் வெளியேறும் பக்கத்து சீகாக் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படகில் கழிவுத் தொட்டி இருந்தால் அது நிரம்பியிருக்கலாம், அல்லது அதன் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனமாக இருந்தால், இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பிஸ்டன் காய்ந்துபோயிருக்கும். சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். பெட்ரோலிய கிரீஸ் கூடவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். இன்னொன்று சுண்ணாம்புப் படிவு. சிறுநீரும் கடல் நீரும் சேரும்போது குழாயின் உள்சுவரில் வெள்ளையாகப் படிந்து, வழியைக் குறுக்கிக்கொண்டே வரும். அவ்வப்போது வெள்ளை வினிகர் ஊற்றி ஊறவிட்டால் படிவு இளகும். முற்றிப்போனால் குழாயைக் கழற்றிக் கரையில் ஓங்கி அடித்து உதிர்ப்பதும் உண்டு. அதைவிடப் புதுக்குழாய் போடுவது நல்லது.

அடித்தாலும் தண்ணீர் வரவில்லையா?

சீகாக் மூடியிருக்கிறதா, லீவர் சரியான பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, உள்ளே வரும் வழியில் கடற்பாசியோ ஜெல்லி மீனோ அடைத்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பம்பின் தலையில் உள்ள மேல் வால்வு அல்லது பிஸ்டனின் ஓ-ரிங் தேய்ந்திருக்கும். அடிபம்பில் வாஷர் போனால் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான்.

கைப்பிடிக் கம்பியைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால், கம்பி நுழையும் இடத்தில் உள்ள சீலை மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்தும் நாற்றம் போகவில்லையா?

இதற்குக் கழிவு மட்டும் காரணமில்லை. குழாயில் தேங்கிய கடல் நீரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகினாலே அழுகிய முட்டை வாடை வரும். படகை நாள் கணக்கில் நிறுத்திவைக்கும் முன் நல்ல தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி அடித்துவிட்டால், கழிவுக் குழாயில் தேங்கிய உப்பு நீராவது வெளியேறிவிடும்.

பழைய கழிவுக் குழாயின் சுவர் வழியாகவும் நாற்றம் கசியும். வெந்நீரில் நனைத்த துணியால் குழாயை வெளியே துடைத்து முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். துணி நாறினால் குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

பிரித்து மாட்டுவது எப்படி?

நல்ல தண்ணீரை ஊற்றிப் பல தடவை அடித்து, குழாயைச் சுத்தமாக்க வேண்டும். பிறகு இரண்டு சீகாக்கையும் மூடி, கையுறை போட்டு, கீழே பக்கெட் வைத்துக்கொண்டு திருகுகளைக் கழற்றலாம்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. ரப்பர் வால்வுகளில் சிறிய எடை பதித்திருப்பார்கள். அதைத் தலைகீழாக மாட்டிவிட்டால் பம்ப் வேலை செய்யாது. ஜோக்கர் வால்வின் மூக்கு, கழிவு வெளியேறும் திசையைத்தான் பார்க்க வேண்டும். உடல் பிளாஸ்டிக் என்பதால் திருகுகளை அளவோடுதான் இறுக்க வேண்டும்.

வால்வு, ஓ-ரிங், சீல் எல்லாம் சேர்ந்த செட், பம்பின் மாடலுக்கேற்பக் கடையில் கிடைக்கிறது. ஒரு செட் எப்போதும் படகிலேயே இருப்பது நல்லது. மாட்டிய பிறகு சீகாக்கைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் இருக்கிறதா, பக்கத்தில் அவசரத்துக்கு அடைக்க மரக்கட்டை ஆப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கோளாறே வராமல் இருக்க?

38 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் நிற்கும். குழாய் 3 மீட்டர் என்றால் கழிவை முழுசாக வெளியேற்ற 3 லிட்டருக்கு மேல் தள்ள வேண்டும். கோப்பை சுத்தமாகிவிட்டது என்று நாலு அடியோடு நிறுத்தினால், கழிவு குழாயிலேயே தங்கிவிடும். அடைப்பும் படிவும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஈரத் துடைப்புத்தாள், நாப்கின், சிகரெட் துண்டு எதையும் போடக் கூடாது. அடர்த்தியான பிளீச்சிங் திரவமும் ரப்பரைக் கெடுக்கும்.

இன்னொரு பாதுகாப்பு, கடல் மட்டத்துக்கு மேலே ஏறி இறங்கும் வளைவுக் குழாய். அதன் உச்சியில் காற்று நுழையும் சிறு வால்வு இருக்கும். கடல் நீர் தானாக இழுபட்டு வருவதை இதுதான் தடுக்கிறது. உப்பு அடைத்தால் இது செயலிழந்துவிடும். உள்ளே வரும் பக்கத்தில் இந்த வளைவு, பம்புக்கும் கோப்பைக்கும் நடுவே இருக்க வேண்டும். பம்புக்கு முன்னால் வைத்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும்.

கடலில் எங்கு வேண்டுமானாலும் வெளியேற்றலாமா?

முடியாது. மார்போல் சர்வதேச ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்பு, பெரிய கப்பல்கள் சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் வெளியேற்றலாம் என்கிறது. சிறிய படகுகளுக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியேற்றுவது சட்டவிரோதம். அங்கே சுத்திகரிக்காத கழிவைத் தொட்டியில் சேர்த்துவைத்துத்தான் அகற்ற வேண்டும்.

கோளாறு வந்தாலும் வராவிட்டாலும், படகை விட்டு இறங்கும் முன்பும் இரவு தூங்கும் முன்பும் இரண்டு சீகாக்கையும் மூடிவிட வேண்டும். மூடுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆள் இல்லாத படகில் ரப்பர் வால்வு பழுதானால், தண்ணீர் ஏறுவதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.