ஆட்டிப் பார்த்து அனுப்பு!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு பஸ்ஸில் ஏறியிருக்கீங்களா? கொண்டை ஊசி வளைவில் டிரைவர் கியர் மாற்றி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். அதுவரை சும்மா இருந்த ஜன்னல் கண்ணாடி 'கடகட'வென ஆடும். இன்ஜின் வேகம் இன்னும் கூடினால்... கப்சிப்! இன்ஜினின் அதிர்வு, கண்ணாடியின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகிற அந்த நொடிதான் ரெசொனன்ஸ். ப்ளஸ் டூ பாஷையில், ஒத்ததிர்வு.

ராக்கெட்டில் போகும் சாட்டிலைட்டில் ஒரு ஸ்க்ரூ இப்படிக் கழன்றால்? மேலே போய் முடுக்க முடியாதே! அதனால்தான் ஷேக்கரில் ஏற்றி 'சைன் ஸ்வீப்' சோதனை. உதாரணமா, 5 ஹெர்ட்ஸில் தொடங்கி 100 வரை அதிர்வெண்ணைச் சீராக ஏற்றுவார்கள். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், ரெண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.

சவாலே கன்ட்ரோலில்தான். ஒத்ததிர்வில் சின்னத் தள்ளலும் பெரிய ஆட்டமாகும். சென்சார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு கன்ட்ரோலர் சிக்னலைக் கூட்டும், குறைக்கும். பிசகினால்? 2000 மார்ச்சில் நாசாவின் 'ஹெஸ்ஸி' சாட்டிலைட், அதிர்வுச் சோதனையில் ஷேக்கர் கோளாறால் சுமார் 10 மடங்கு அதிகமாக ஆட்டப்பட்டுச் சேதமானது. விண்ணுக்குப் போனது 2002 பிப்ரவரியில்தான்!

நம்ம சந்திரயான்-3, 2023 மார்ச்சில் பெங்களூரில் அதிர்வுச் சோதனையில் பாஸாகி, ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல், சென்னை ஐ.ஐ.டி.யில் பிஹெச்.டி. செய்ததே சாட்டிலைட் எலெக்ட்ரானிக்ஸின் அதிர்வைக் குறைப்பது பற்றித்தான்!

அடுத்த முறை பஸ் கண்ணாடி கடகடத்தா கண்டக்டரைத் திட்டாதீங்க. எந்த வேகத்தில் ஆரம்பிக்குது, எதில் அடங்குதுன்னு கவனிங்க. அதுவும் ஒரு ஸ்வீப் டெஸ்ட்தான்!