ஒன்று இரண்டாகலாம், மூன்றாகக் கூடாது

செல் பிரியும் முன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதே வேளையில் உட்கருவை ஒட்டியிருக்கும் சென்ட்ரோசோமும் படியெடுக்கப்படுகிறது. அது ஒன்று இரண்டாக வேண்டும். அதற்கு மேல் போனால் விபரீதம். இரண்டு விந்தணுக்கள் நுழைந்ததால் சென்ட்ரோசோம்கள் மிகுந்துவிட்ட கடல் முள்ளெலி முட்டைகளில் குரோமோசோம்கள் மூன்று, நான்கு பக்கமாகத் தாறுமாறாக இழுபடுவதை ஜெர்மானிய உயிரியலாளர் தியோடோர் போவெரி கவனித்தார். புற்றுக்கட்டிகளின் தொடக்கமும் இப்படியொரு பிழையாக இருக்கலாம் என்று 1914இல் புத்தகமே எழுதினார்.

எண்ணிக்கை பிசகாமல் காப்பது எது? சென்ட்ரோசோமுக்குள் சென்ட்ரியோல் என்னும் சிறு உருளைகள் இரண்டு இருக்கின்றன. பி.எல்.கே.4 என்ற நொதி ஏற்கெனவே இருக்கும் தாய் உருளையைச் சுற்றி முதலில் வளையமாகப் படிகிறது. பிறகு ஒரே ஒரு புள்ளியில் குவிகிறது. புது உருளை முளைப்பது அங்கேதான். எஸ்.ஏ.எஸ்.6 புரதம் அந்த இடத்தில் ஒன்பது ஆரங்கள் கொண்ட வண்டிச்சக்கரம் போல் அமைய, அதைப் பின்பற்றி உருளையின் ஒன்பது பக்கங்களும் எழும்புகின்றன. பி.எல்.கே.4 மிகுந்துவிட்டால் தாயைச் சுற்றி ஒரே சமயத்தில் பல சேய் உருளைகள் கிளம்பிவிடும். அப்படி ஆகாமலிருக்க, இந்த நொதி தன்மீது தானே பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டு அழிவுக்குப் போகிறது. செல்லுக்குள் நடக்கும் கட்டுப்பாடுகளில் இவ்வளவு கச்சிதமான இன்னொன்றை எளிதில் காட்டிவிட முடியாது.

உருளைகளைச் சூழ்ந்த புரதத் திரள் காமா டியூபுலினைப் பிடித்து வைக்கிறது. 1989இல் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையில் கண்டறியப்பட்ட புரதம் இது. இதன் வளையத்தின் மேல் ஆல்பா, பீட்டா டியூபுலின் இணைகள் ஏறிச் சேர்ந்து, 13 சரங்களும் சுமார் 25 நானோமீட்டர் பருமனும் கொண்ட நுண்குழலாக நீள்கின்றன. குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் பிரித்துச் சேர்ப்பவை இந்தக் குழல்களே.

இந்த அமைப்பின் மரபணுக்கள் பழுதானால் அடி பெரும்பாலும் மூளைக்கு. ஏ.எஸ்.பி.எம்., சி.டி.கே.5ஆர்.ஏ.பி.2 போன்றவற்றின் இரு பிரதிகளும் கெட்டிருந்தால் குழந்தை மிகச் சிறிய தலையோடு பிறக்கிறது. இத்தனைக்கும் சென்ட்ரியோல் இல்லாமலே பழ ஈக்கள் முழு ஈயாக வளர்வதை 2006இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சென்ட்ரியோலிலிருந்து முளைக்கும் சிலியா என்னும் நுண்மயிர்கள் இல்லாததால் அவை விரைவில் மடிந்தன என்பது வேறு விஷயம். ஆக, சென்ட்ரோசோம் இன்றியும் செல் தட்டுத்தடுமாறி, தாமதமாகவேனும் பிரிந்துவிடும். ஆனால் மூளையின் முன்னோடிச் செல்களுக்கு அந்தத் தாமதமே எமன். பிரிவு இழுத்துக்கொண்டே போனால் பி53 புரதம் விழித்துச் செல்லை மடியவைக்கிறது. சென்ட்ரியோல் இல்லாத சுண்டெலி மூளையில் பி53-ஐயும் நீக்கிப் பார்த்தபோது மூளை சுருங்கவில்லை. ஆனால் முன்னோடிச் செல்கள் தமக்குரிய இடத்தை விட்டு விலகிக் கிடந்தன.